அப்பனாட்டவே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் தமிழ் நோட்டோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயசு. வகுப்பில் திடீரென்று ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். ‘போலி என்றால் என்ன? எடுத்துக்காட்டுத் தருக’ என்று கேள்வி. இவள் எழுதியிருந்த பதில்: ‘போலி என்றால் டூப்ளிகேட். எ.கா: காதர்பேட்டையில் விற்கும் கம்பெனி டீசர்ட்.’ காதர்பேட்டை எங்கள் திருப்பூர்ப் பனியன் சந்தை. ஆசிரியை அந்தப் பதிலைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் வைத்திருந்தார். மதிப்பெண் பூஜ்யம். ‘நான் எழுதுனதுல என்னங் மாமா தப்பு?’ என்றாள். சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். ‘நீங்களும் கம்பெனில ஒண்ணப் பாத்து அதாட்டவேதானுங்களே தெச்சு அனுப்பறீங்க? அப்ப அதும் போலிதானுங்களே?’

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் பதினாறு வருடமாக இருக்கிறேன். இவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு உருப்படியைக் கூரியரில் அனுப்புவார். அதை அளந்து, எடை போட்டு, உள்ளே வெளியே புரட்டிப் பார்த்து, அதேபோல ஒன்று தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு கவுன்டர் சாம்பிள் என்று பேர். அது ஓகே ஆனால்தான் ஆர்டர், அப்புறம்தான் கட்டிங், தையல், செக்கிங், அயனிங் எல்லாம். இவ்வளவு நாள் இதைச் சொல்லித்தான் பெண் பார்த்தேன், வீடு கட்டினேன். இதற்குள் ‘போலி’ என்ற சொல் ஒளிந்திருப்பதாக ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு ராத்திரி அது காலில் தைத்த நெருஞ்சி முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

பிள்ளைக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொடுப்பது சுலபம்தான், புத்தகத்தில் இருக்கிறது. ஒரு சொல்லில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கும், பொருள் மாறாது. அது போலி. முகம் என்பதை முகன் என்றாலும் முகம்தான், நிலத்தை நிலன் என்றாலும் நிலம்தான். பந்தல் பந்தர் ஆகும், சாம்பல் சாம்பர் ஆகும். இதெல்லாம் கடைப்போலி. மஞ்சு மைஞ்சு ஆனால் முதற்போலி, அமச்சு அமைச்சு ஆனால் இடைப்போலி. ஐந்து என்பது அஞ்சு ஆவதுபோல எல்லா எழுத்துமே மாறி நின்றால் முற்றுப்போலி. ‘அஐ முதலிடை ஒக்கும் சஞயமுன்’ என்பது நன்னூல். அந்த ‘ஒக்கும்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு எழுத்து இன்னொன்றின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, இலக்கணம் எழுதியவர் அதைக் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒக்கும், உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்.

சொல்லின் பிறப்பிலும் களங்கம் கிடையாது. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி. அதே கணக்கில் போல்வது போலி. அவ்வளவுதான். இணையத்தில் ஓடுகிற மீமுக்கு யாரோ ‘போன்மி’ என்று சொல் உருவாக்கினார்கள், அதற்கும் இதே ‘போல்’தான் வேர். அந்தப் போன்மி சிரிப்பு மூட்டுகிறது, இந்தப் போலி ஜெயிலுக்குப் போகிறது.

## சீனாபுரத்துக்காரர்

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நூலின் பாயிரத்தில் வரும் சனகை என்ற ஊரைச் சீனாபுரம் என்று கொள்வது ஒரு கட்சி, மைசூர்ப் பக்கம் என்பது இன்னொரு கட்சி. எனக்கு என் ஊர் விசயமங்கலத்துக்குப் பக்கம் என்பதால் நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ராத்திரி நன்னூலை எடுத்தது போலிக்காகத்தான். ஆனால் மாட்டிக்கொண்டது அதற்கும் முன்னால், பாயிரத்தில். நூல்களை முதல் நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிற இடம். வழிநூலுக்கு அவர் தரும் இலக்கணம்: ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப், பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி, அழியா மரபினது வழிநூல் ஆகும்.’ முன்னவர் முடிவோடு ஒத்துப் போக வேண்டும், பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாற்றத்தையும் சொல்ல வேண்டும், மரபு அழியக் கூடாது. எங்கள் சாம்பிள் ரூமுக்கு இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

அதற்கு அடுத்தாற்போல இன்னொன்று சொல்கிறார். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்லாமல் ‘அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்பதற்காக, அவர்கள் வாக்கையே அப்படியே எடுத்து வைப்பதும் உண்டாம். நன்னூலுக்குள் தொல்காப்பிய நூற்பாக்கள் சில சொல் மாறாமல் கிடக்கின்றன. இன்றைக்கு ஒரு கல்லூரிப் பிள்ளை இதையே செய்தால் திருட்டு என்று மென்பொருள் சிவப்புக் கோடு போடும். அவர் எடுத்ததை மறைக்கவும் இல்லை, எதற்காக எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட்டார், ‘பொன்’ என்றும் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பெருமையில் இன்னொருவர் கொங்குவேளிர். அவருடைய பெருங்கதையும் குணாட்டியரின் பிருகத்கதை வழியாக வந்த உதயணன் கதைதான். வடக்கே பைசாச மொழியில் பிறந்த கதை விசயமங்கலத்தில் தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டது. அதைப் போலி என்று சொல்ல இதுவரை எவருக்கும் நாக்கு எழுந்ததில்லை.

அப்படியென்றால் இந்தச் சொல் எப்போது கெட்டது? நாள் குறிக்க முடியாது, ஆனால் இது மட்டும் கெடவில்லை. ஒத்திருப்பதைச் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியிருக்கின்றன. ‘ஒப்பு’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘உறுப்பொத்தல் மக்களொப் பன்றால் வெறுத்தக்க பண்பொத்தல் ஒப்பதாம் ஒப்பு’ என்று வள்ளுவர் அதை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார். கை கால் ஒத்திருப்பது ஒப்பு ஆகாது, குணம் ஒத்திருப்பதுதான் ஒப்பு. இன்றைக்கு ‘ஒப்புக்குச் செய்தான்’ என்றால் மனசில்லாமல் செய்தான் என்று அர்த்தம். தெருவில் விளையாடும்போது சின்னப் பையன் அழுதால் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம், அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. ‘மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாம்கண்ட தில்’ என்ற குறளில் ஒப்பாரி என்றால் ஒப்புமை. நம் காதில் அது விழுந்தால் இழவு வீடுதான் ஞாபகம் வரும். அதே குறளில் ‘போல்வர்’ என்பதும் வசவாகத்தான் நிற்கிறது. ஆக, சறுக்கல் ரொம்பப் பழசு. பாவனை என்றாலும் நடிப்பு என்றாலும் இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் காதில் வாங்குகிறோம்.

தப்பித்தது ‘மாதிரி’ ஒன்றுதான். மாதிரிப் பள்ளி என்றால் பெற்றோர் இடம் கிடைக்காதா என்று வரிசையில் நிற்கிறார்கள். போலிப் பள்ளி என்றால் சீல் வைக்கிறார்கள். இரண்டு சொல்லுக்கும் அகராதியில் பெரிய தூரம் கிடையாது. எங்கள் பக்கத்தில் தப்பித்த இன்னொன்றும் உண்டு, ஒப்புட்டு. மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பதை நாங்கள் அப்படிச் சொல்வோம். அதற்கும் ஒப்புக்கும் சம்பந்தம் கிடையாது என்று தெரியும், கன்னடத்துக்காரர்களும் ஒப்பட்டு என்கிறார்கள். இருந்தாலும் பேக்கரிக் கண்ணாடியில் ‘சூடான போலி’ என்று எழுதிவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நம்மூர்ப் பெயரையே எழுதியிருந்தால் இந்த வம்பு இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

## ஆட்ட

இவ்வளவும் யோசித்தபோது ஒன்று உறைத்தது. என் அக்கா மகள் நோட்டில் எழுதியது ‘போலி’. வாயால் என்னிடம் கேட்டது ‘அதாட்டவே’. எங்கள் பக்கம் பேச்சில் ‘போலி’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏமாற்றுச் சரக்கு என்றால் டூப்ளிகேட், டூப்பு, லோக்கல். போலி என்பது பேப்பர்காரர்களின் சொல். போலி டாக்டர், போலிப் பத்திரம், போலி விதை, போலிச் சாமியார் என்று தலைப்பில்தான் வாழ்கிறது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்கிறது என்று நாங்கள் சொல்லவேண்டி வந்தால் ‘ஆட்ட’ என்போம். மற்ற ஊர்களிலும் ‘ஆட்டம்’ என்று காதில் விழுகிற சொல்தான், ஆனால் எங்களுக்கு அது இல்லாமல் ஒரு பகல் ஓடாது. பூனையாட்ட வர்றான். உங்கொம்மாளாட்ட பேசாத. கண்ணாடியாட்ட தண்ணி. ஊகத்துக்கும் அதேதான்: ‘தூங்கிட்டானாட்ட இருக்குது’ என்போம். எழுத்துத் தமிழில் ‘தூங்கிவிட்டான் போலும்’ என்பதற்கு நேர் ஜோடி. போல் செய்கிற வேலையையெல்லாம் ஆட்ட செய்கிறது, போலி பட்ட அவமானம் மட்டும் இதற்கு ஒட்டவில்லை.

என் ஆத்தா, அதாவது பாட்டி, இருந்த வரைக்கும், நான் திண்ணையில் இருந்து எழுந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் ‘அப்பனாட்டவே’ என்று ஒரு சொல்லைப் போடும். அப்பாவுக்கு ஒரு பழக்கம், இடது செருப்பை மாட்டிவிட்டு ஒரு நிமிஷம் எதையோ மறந்தவர் மாதிரி நிற்பார், அப்புறம்தான் வலது. நான் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. அப்பா போய்விட்ட பிறகு அந்த ‘அப்பனாட்டவே’ வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தது. அதில் ஆத்தாவுக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் எனக்குத் தெரியும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் சென்னையில் இருந்தேன். அறையில் கூட இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் சாயங்காலமானால் என்னைப் பேசிக் காட்டுவதுதான் பொழுதுபோக்கு. எதைச் சொன்னாலும் வால் மாதிரி ஒரு ‘ங்’ ஒட்டுவார்கள். ‘டீ குடிச்சாச்சுங், சட்டை துவைச்சாச்சுங்.’ சினிமாவில் கேட்டதை எடுத்து என் மேல் ஒட்டுகிறார்கள். அவர்களுக்குச் சத்தம் பிடிபட்டது, எப்போது போடக்கூடாது என்பது பிடிபடவில்லை. கூட்டாளிகளுக்குள் நாங்கள் ‘ங்’ போட மாட்டோம். பெரியவர்களுக்குப் போடுவோம், முன்பின் தெரியாதவருக்குப் போடுவோம், மூன்று வயசுக் குழந்தையிடம் ‘சாப்புடுங் சாமி’ என்று கெஞ்சும்போது போடுவோம், சண்டை முற்றிப் போய் எதிராளியைத் தள்ளி நிறுத்தும்போது ரொம்ப அழுத்திப் போடுவோம். அறைக்காரர்கள் செய்ததைப் பழிப்பு காட்டுவது என்று சொல்வோமே தவிர ஆட்ட என்று சொல்ல மாட்டோம். வள்ளுவர் சொன்ன உறுப்பொத்தல் இதுதான். நானும் சளைக்கவில்லை, ஆறு மாதத்தில் அவர்களாட்டவே பேசக் கற்று, தீபாவளிக்கு ஊருக்கு வந்து ஆத்தாவிடம் ‘இன்னா விசேஷம்?’ என்று கேட்டுவைத்தேன். ‘இதாருடா ஒரம்பற?’ என்று ஆத்தா அம்மாவைப் பார்த்துக் கேட்டது. விருந்தாளி வந்திருக்கிறாராம்.

பண்பொத்தலுக்கும் வீட்டிலேயே ஒன்று இருந்தது. கிரைண்டர். கோவைக்காரர்கள் 1950களில் உருவாக்கிய சாமான், இப்போது கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கல்லைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்கும், குழவியைத்தான் கை சுற்றும். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு, அடியில் இருக்கிற கல்லைச் சுற்ற விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் முதலில் வந்த அன்றைக்கு ஆத்தா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘தலகீழா ஆட்டுதே’ என்றது. மாவை விரலில் எடுத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தது. இன்னொரு தடவை தேய்த்தது. ‘கல்லுல ஆட்டுனதாட்டவே இருக்குது’ என்றது. உறுப்பு ஒன்றுகூட ஒக்கவில்லை, மாவு ஒத்துப்போய்விட்டது.

## கழுத்துப் பட்டையின் நுனி

நான் சொல்ல வந்தது இதுதான். நடந்து நாலு வருடம் இருக்கும். அன்றைக்கு அதை ஒரு வேடிக்கை என்று விட்டுவிட்டேன், பிள்ளை கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அது திரும்ப மேலே வந்தது.

எங்கள் சாம்பிள் ரூமில் பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் உண்டு. அறுபதைத் தாண்டியவர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான். ஒரு நாள் காலையில் ஐரோப்பாவிலிருந்து ஒரு பார்சல். புது பையர். சின்னப் பிள்ளைகள் போடுகிற காலர் வைத்த டீசர்ட், அடர் பச்சை. கழுத்தில் பிராண்ட் லேபிள் கத்தரிக்கப்பட்டிருந்தது. காலரில் ஒரு அட்டை தொங்கியது: ஒரிஜினல், திருப்பி அனுப்பவும். ஒரிஜினல் சாம்பிள் வந்தால் எங்கள் ரூமில் ஒரு மரியாதை உண்டு. டீ கிளாஸை அந்த டேபிளில் வைக்க மாட்டோம். துணியின் எடை பார்க்க வட்டக் கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடுத்து, தராசில் வைத்து, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. ஒரிஜினலில் அப்படி ஓட்டை போட முடியாது, ஆகவே மொத்த உருப்படியையும் எடை போட்டு, விரலால் தடவி, பக்கத்தில் நம் துணிகளை வைத்து மாஸ்டர் ஒரு கணக்கு சொல்வார். ‘நூத்தி எம்பதாட்ட இருக்கும்.’ பெரும்பாலும் அவர் சொன்னதுதான் வரும்.

அப்புறம் அளவு. சோல்டர், செஸ்ட், லென்த், கை நீளம், ஆர்ம்ஹோல். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று லென்ஸ் வைத்து எண்ணுவது என் வேலை. மாஸ்டர் உருப்படியை உள்பக்கம் திருப்பிப் போட்டார். தையலின் குணம் வெளியே தெரியாது, உள்ளேதான் தெரியும் என்பது அவர் கொள்கை. பின்கழுத்தில் காலர் சேரும் இடத்தை மூடி ஒரு பட்டை வைத்துத் தைப்போம், டேப் என்போம். அதன் இரண்டு நுனியும் தோள் தையலில் போய் முடியும். அந்த இடத்துக்கு வந்ததும் மாஸ்டர் கை நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். நானும் எழுந்து போனேன்.

வழக்கமாக அந்த நுனியைத் தோள் தையலோடு சேர்த்து வெட்டி விடுவார்கள். இதில் நுனி உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பு சாய்வாக, ஒரு சின்ன முக்கோணம் மாதிரி. அதன் மேல் முன்னே இரண்டு, பின்னே இரண்டு தையல். அவ்வளவு சின்ன இடத்தில் மெஷினைத் திருப்புவது சிரமம், பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ஓடுகிற யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். ‘ஏனுங் மாஸ்டர்?’ என்றேன். அவர் விரலால் அந்த முக்கோணத்தைத் தடவிக்கொண்டே, ‘இது என்ற கை’ என்றார், தன் கை என்று.

முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, அவருடைய மகனுக்குக் கழுத்தில் ஒரு சமயம் சிரங்கு மாதிரி வந்திருக்கிறது. டேப் நுனி உரசி உரசிப் புண்ணாகிப் போனதாம். அப்போதிருந்து பிள்ளைகள் உடுப்பு எது வந்தாலும் நுனியை இப்படி மடித்துத் தைத்திருக்கிறார். அங்கிருந்த டெய்லர்கள் நாலைந்து பேருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ‘நேரமாகுதுன்னு திட்டுவாங்க. நான் உட மாட்டன்.’ அந்த உருப்படியோ அதன் கூடப் பிறந்ததோ கடல் தாண்டிப் போய், கடையில் தொங்கி, யாரோ அதை எடுத்து, லேபிளை வெட்டி, ‘இதுபோல வேண்டும்’ என்று இப்போது எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து போனது ஒரிஜினல் என்று அட்டை மாட்டிக்கொண்டு திருப்பூருக்கே வந்திருக்கிறது.

‘அப்ப இதுக்கு ஒரிஜினல் நீங்கதானுங்’ என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். ‘அப்பவும் ஒரு சாம்பிள் வந்துச்சப்பா. அதப் பாத்துத்தான் தெச்சன்.’ அந்தச் சாம்பிள் எதைப் பார்த்துத் தைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் அதற்குள் டேபிளுக்குத் திரும்பிவிட்டார்.

சாம்பிள் தைக்கிற பையனை நகரச் சொல்லிவிட்டு அவரே மெஷினில் உட்கார்ந்தார். மாஸ்டர் தையலில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கழுத்து டேப்புக்கு வந்தபோது ஒரிஜினலை மடியில் உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அந்த முக்கோணத்தைப் பார்த்துப் பார்த்து மடித்தார். முதல் மடிப்பு சரியாக வரவில்லை, பிரித்தார். விரல் முன்னைப்போல வளையவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தது. ‘என்னாட்டவே தெக்கறது பெரும்பாடா இருக்குதே’ என்று சொல்லிவிட்டு, தன் போக்கில் சிரித்தார்.

சாயங்காலம் பேக்கிங்குக்குக் கொடுக்கும்போது ஒரு கூத்து நடந்தது. இரண்டையும் அயன் செய்த பையன் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, எதில் மாட்டுவது என்று தெரியாமல் நின்றான். ஒரே பச்சை, ஒரே எடை, உள்ளே ஒரே முக்கோணம். நானும் பார்த்தேன், தெரியவில்லை. மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் அளவு நாடாவை எடுத்துக் கையை அளந்தோம். ஒன்றில் இடது கை அரை சென்டிமீட்டர் கூட இருந்தது. அதுதான் எங்களுடையது. தப்பை வைத்துத்தான் நம் பிள்ளையை அடையாளம் கண்டோம். பையரிடமிருந்து வந்த கமென்டில் கை நீளம் மட்டும் சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள். கழுத்தைப் பற்றி, ஒரிஜினல் மாதிரியே நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி.

இதைச் சொல்வதால் டூப்ளிகேட்டுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் அம்மாவின் தங்கை பவானிப் பக்கம் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். ஜமக்காளம் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985ஆம் வருடச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு அதே பட்டை, அதே சிவப்பு பச்சையோடு பவானி என்று சொல்லிச் சந்தைக்கு வருகிறது. கைத்தறி ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தால் கை இறங்கும், அதை விரித்தால் தரையில் ஒட்டிப் படுக்கும். மற்றது ஒரு துவைப்பில் சுருங்கிக்கொள்ளும். பட்டையைப் பார்த்து நெய்தது பற்றி அந்த நெசவுக்காரருக்குக் கோபம் இல்லை, அவர் மாமனார் தறியைப் பார்த்துத்தான் அவரும் நெய்யக் கற்றார். ‘அவன் பேர்ல விக்கட்டும், என்ற ஊர் பேர்ல எதுக்கு விக்கறான்?’ என்றுதான் கேட்கிறார். முகன் முகத்தின் இடத்தில் நிற்கலாம், ஏனென்றால் முகம் சொல்ல வந்ததை அது சொல்லிவிடுகிறது. தரையில் படுக்காத ஜமக்காளம் எதையும் சொல்லவில்லை, பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்குப் போலி என்று நல்ல இலக்கணச் சொல்லைக் கொடுப்பதுகூட அதிகம். எங்கள் பக்கத்துச் சொல்லே போதும், டூப்பு.

காதர்பேட்டைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அக்கா மகள் அதை எடுத்துக்காட்டாகப் போட்டுவிட்டாள். அங்கே தொங்குவதில் டூப்ளிகேட் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்டருக்கு மேல் மிஞ்சிய உருப்படி, செக்கிங்கில் கழித்த உருப்படி எல்லாம் லேபிளை வெட்டிக்கொண்டு அங்கேதான் வருகிறது. லண்டன் கடையில் தொங்குகிற சட்டையோடு ஒரே நாளில் ஒரே கையில் தைத்தது, கழுத்தில் பேர் இல்லாததால் நூற்றைம்பது ரூபாய். பிள்ளைக்கு இது புரிகிற வயசு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மாஸ்டர் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் நோட்டில் ‘ஐந்து – அஞ்சு, முற்றுப்போலி’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள்.

‘இதுல எதுங் மாமா ஒரிஜினல்?’

‘ஐந்துதான். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது.’

‘ஆனா ஐந்துன்னு யாருமே சொல்றதில்லீங்களே. பஸ்ல கண்டக்டரு அஞ்சு ரூவாங்கறாரு. எங்க மிஸ்ஸே அஞ்சு மார்க்குன்னுதான் சொல்றாங்க.’

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் ஒப்புட்டு தட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தது. ‘கேக்கற கேள்வியப் பாரு. மாமனாட்டவே’ என்றது. இவள் நோட்டை மூடி என் மடியில் போட்டுவிட்டு, ‘அம்முச்சி, எனக்கு ரெண்டு’ என்று உள்ளே ஓடினாள்.